ரிசர்வ் சைஸ கூட்டினா பூட் ஆயிடுமா? இயர்லி பூட்லயே விழுற கெர்னல்

கேள்வி | மார்ச் 2, மாலை 6:12

அண்ணே, ஆர்ம்64 போர்டு, 1 ஜிபி ரேம். லினக்ஸ் கெர்னல 5.4-ல இருந்து 5.15-க்கு மாத்துனேன். கெர்னல ஏத்தி விடுற யூ-பூட் 'ஸ்டார்ட்டிங் கெர்னல்'னு ஒரு வரி போடுது, அதோட சரி, அப்புறம் ஒரு எழுத்து வரல. ஆபிஸ்ல சீனியர் ஒருத்தர் ரிசர்வ்டு மெமரி பத்தல, 32 எம்பிய 64 ஆக்குன்னாரு. ஆக்கினேன், அப்பவும் அதே. 128 ஆக்கிப் பாக்கவா?

பதில் | மார்ச் 2, இரவு 11:20

ஆக்காத தம்பி. ரிசர்வ்ங்கறது கெர்னலுக்கு நீ குடுக்குற இடம் இல்ல, கெர்னல்கிட்ட இருந்து நீ பிடுங்குற இடம். 1 ஜிபில 128 பிடுங்கினா பக்கத்துல இருக்குற இன்னொன்னு மேல போய் உக்காரும், இருக்குற பிரச்சனையோட இன்னொன்னு சேரும், எது எதுனு பிரிக்கவே முடியாது.

அந்த 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' யூ-பூட்டோட கடைசி வரி, கெர்னலோட முதல் வரி இல்ல. அதுக்கப்புறம் ஒன்னும் வரலன்னா கெர்னல் ஓடலனு அர்த்தம் இல்ல, கன்சோல், அதாவது மெசேஜ் வெளிய வர்ற வழி, இன்னும் எழும்பல, அவ்வளவுதான். பூட்ஆர்க்ஸ்ல, அதாவது கெர்னலுக்குக் குடுக்குற ஆப்ஷன் வரில, இயர்லிகான் போடு, ஆரம்பத்துலயே மெசேஜ் காட்டும், கூடவே மெம்பிளாக்=டீபக் போடு. யார் யார் எங்கிருந்து எதுவரைக்கும் இடம் பிடிச்சாங்கனு ஃபங்ஷன் பேரோட வரிசையா வரும். அதை இங்க ஒட்டு, பாப்போம்.

மார்ச் 3, காலை 8:05

எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே டைப் பண்றேன். நேத்து தூக்கக் கலக்கத்துல தப்பா சொல்லிட்டேன், அதாவது தப்பு இல்ல, உன் கேஸுக்கு உதவாம போகலாம். இயர்லிகான் எங்க இருக்கு? பூட்ஆர்க்ஸ்ல. பூட்ஆர்க்ஸ் எங்க இருக்கு? டிடிபிக்குள்ள, அதாவது போர்டுல என்னென்ன இருக்குனு கெர்னலுக்குச் சொல்ற டிவைஸ் ட்ரீ ஃபைலுக்குள்ள, சோஸன்ங்கற நோட்ல (ஃபைலோட ஒரு பகுதி). டிடிபியே கெட்டுப் போயிருந்தா இயர்லிகான் போட்டும் ஒன்னும் வராது, ஏன்னா போட்டது கெர்னலுக்குத் தெரியவே தெரியாது. ஆபிஸ் பூட்டி சாவிய உள்ளயே வச்ச கதை.

மார்ச் 3, மதியம் 1:15

சாப்பாட்டு நேரம், சிங்கப்பூர்ல உபி பக்கம் கோப்பிக் கடைல உக்காந்திருக்கேன், எதிர் மேஜைல ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் தனியா உக்காந்திருக்கு, யாரோ இடம் பிடிச்சு வச்சிருக்காங்கனு அர்த்தம். இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது லா.

மெம்பிளாக் இதேதான். கெர்னல் எழுந்திருக்கும்போது மெமரியப் பங்கு போட்டுக் குடுக்குற பேஜ் அலோகேட்டர் கிடையாது, ஸ்லாப் கிடையாது, எம்அலோக் மாதிரி எதுவும் கிடையாது. ரெண்டே ரெண்டு பட்டியல். ஒன்னு, எங்கெல்லாம் ரேம் இருக்கு. இன்னொன்னு, அதுல எதெல்லாம் யாரோ பிடிச்சு வச்சாச்சு. கெர்னல் தன்னையே பிடிச்சுக்கும், இனிட்ஆர்டிய (பூட் ஆகும்போது பயன்படுற தற்காலிக ஃபைல்சிஸ்டம்) பிடிக்கும், டிடிபிய பிடிக்கும், டிடிபில ரிசர்வ்டு-மெமரி நோட்ல எழுதியிருக்கறத பிடிக்கும். எல்லாம் டிஷ்யூ பாக்கெட். மதியக் கூட்டம் வர்றதுக்குள்ள, அதாவது மிச்சத்த பட்டி அலோகேட்டர் (அந்த பேஜ் அலோகேட்டர்தான்) கையில குடுக்குறதுக்குள்ள வச்சிடணும். நம்ம ஊர்ல இதுக்கு பேர் சோப் போடுறது. தமிழ்நாட்டுல இருந்து புதுசா வந்தவங்க குளிக்கிற சோப்புனு நெனச்சுக்காதீங்க.

இது முதல்ல பவர்பிசி பக்கம் எல்எம்பிங்கற பேர்ல இருந்தது, 2010-ல மெம்பிளாக் ஆச்சு, எல்லா ஆர்க்கிடெக்சரும் எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி இருந்த பூட்மெம்ம 2018-ல, 4.20 கெர்னல்ல மொத்தமா தூக்கிட்டாங்க. யூ-பூட் உள்ள போய்ப் பாத்தா அங்க இன்னும் எல்எம்பினே இருக்கும், அதே வம்சம்.

மார்ச் 5, இரவு 12:40

லாக் எதுவுமே வரலனு தம்பி எழுதியிருக்கான். சரி, அப்ப என் கதைய சொல்லியே ஆகணும், போன வருஷம் நானும் இதே 5.4-ல இருந்து 5.15-க்குத் தாவினவன்தான்.

எங்க பூட் ஸ்கிரிப்ட யாரோ நாலு வருஷம் முன்னாடி எழுதி வச்சுட்டு வேலைய விட்டுப் போயிட்டாங்க. கெர்னல் ஏத்துற இடத்துல இருந்து சரியா 32 எம்பி தள்ளி டிடிபி. கூடவே எஃப்டிடி_ஹைங்கற யூ-பூட் வேரியபிள்ல எல்லா பிட்டும் ஒன்னு, அதாவது டிடிபிய நகத்தாத, வச்ச இடத்துலயே விடுனு யூ-பூட்டுக்கு உத்தரவு. புது கெர்னல் ஃபைல் 27 எம்பி. 27 எங்க, 32 எங்க, நடுவுல அஞ்சு எம்பி காலியா கிடக்கேனு நான் அந்தப் பக்கமே திரும்பல. யூ-பூட்ல மெமரியக் காட்டுற எம்டி கமாண்ட் போட்டு டிடிபி ஆரம்பத்தப் பாத்தா டிடிபிக்கே உரிய டூட்-ஃபீட் மேஜிக் நம்பர் கண் முன்னாடி நிக்குது. நல்லாத்தான இருக்கு? மூணு நாள் சீரியல் கேபிள சந்தேகப்பட்டேன்.

கேபிள்னு சொல்லும்போது ஞாபகம் வருது, சிம் லிம் டவர்ல ஒரு அங்கிள் கடைல புதுசா வாங்கினேன், 3.3 வோல்ட்டா 5 வோல்ட்டானு நான் கேக்குறதுக்கு முன்னாடியே அவர் என்கிட்ட கேட்டார், நான் முழிச்சேன், போர்டு ஸ்கீமேட்டிக் பாத்துட்டு வானு திருப்பி அனுப்பிட்டார். விக்க வந்தவர் விக்க மாட்டேங்கறார்! மறுநாள் போய்தான் 3.3 வாங்கினேன். சிம் லிம் ஸ்கொயர் வேற, டவர் வேற, குழப்பிக்காதீங்க.

கேபிள் மாத்தியும் அதே அமைதி. அப்புறம்தான் பழைய ஆள் ஒருத்தர் சொல்லிக் குடுத்த வித்தை: கெர்னல் பேசுறது கன்சோலுக்கு வரலன்னாலும் ரேம்ல எழுதி வச்சிருக்கும், பவர நிறுத்தாம ரீசெட் மட்டும் அழுத்தி யூ-பூட்டுக்குத் திரும்பி வந்து அந்த ரேமைப் படி. எது எந்த முகவரினு பட்டியல் போடுற சிஸ்டம்.மேப் ஃபைல்ல லாக்_பஃப் (மெசேஜ் சேர்ற இடம்) முகவரியில இருந்து டெக்ஸ்ட் (கெர்னல் ஆரம்பம்) முகவரிய கழிச்சு, வர்ற வித்தியாசத்த கெர்னல் ஏத்தின இடத்தோட கூட்டு. அங்க எம்டி போடு.

போட்டேன். இடது பக்கம் ஹெக்ஸ், வலது பக்கம் புள்ளி புள்ளியா எழுத்து. முதல் திரை முழுக்க குப்பை. என்டர் தட்டிக்கிட்டே போறேன், போறேன், திடீர்னு வலது ஓரத்துல 16 16 எழுத்தா நறுக்கின மாதிரி இங்கிலீஷ். டிவைஸ் ட்ரீ பிளாப் செல்லாது, 8 பைட் அலைன்மெண்ட்ல இருக்கணும், 2 எம்பிக்கு மேல போகக்கூடாது, பூட்லோடரப் பாருங்கனு. நடுவுல சில துண்டு காணோம், கேஷ்லயே தங்கி ரீசெட்ல போயிருக்கும். ஆனா படிக்கிற அளவுக்கு இருந்துச்சு. ராத்திரி பதினொன்னு, ஆபிஸ்ல நானும் ஏர்கானும் மட்டும், நான் கத்தின கத்துல கீழ இருந்து செக்யூரிட்டி அங்கிள் மேல வந்துட்டார்.

அந்தப் பாவப்பட்ட கெர்னல் அந்த மெசேஜ எழுதிட்டு ஒரு முடிவில்லாத லூப்ல நின்னு போயிருக்கு. அந்த இடத்துல பேனிக், அதாவது காரணத்தச் சொல்லிட்டு விழுறது, கூட ஆக முடியாது, அவ்வளவு ஆரம்பம் அது. அதனாலதான் நமக்கு வெறும் அமைதி.

டிடிபி ஏன் செல்லாம போச்சு? அதே ரீசெட்டுக்கு அப்புறம் டிடிபி இடத்தப் பாத்தேன். டூட்-ஃபீட் இல்ல. சைபர். வரிவரியா சைபர். கெர்னல் ஃபைல் 27 எம்பிதான், ஆனா பிஎஸ்எஸ் (சைபர்ல ஆரம்பிக்கிற வேரியபிள்களோட இடம்) ஃபைல்ல இருக்காது, ஓடும்போதுதான் இடம் எடுக்கும். நான் டீபக் கான்ஃபிக் நாலஞ்சு ஆன் பண்ணி வச்சிருந்ததால பிஎஸ்எஸ்ஸோட சேத்து 34 எம்பி ஆயிருச்சு. எழுந்த உடனே கெர்னல் பண்ற முதல் வேலைல ஒன்னு பிஎஸ்எஸ்ஸ சைபர் ஆக்குறது, டிடிபியப் படிக்கிறதுக்கு முன்னாடியே. தான் படிக்க வேண்டிய கடுதாசிய தானே துடைச்சிருக்கு. அதான் யூ-பூட்ல பாக்கும்போது நல்லா இருந்துச்சு, குற்றம் நடக்குறதே அதுக்கப்புறம்.

இமேஜ் ஹெட்டர்ல, அதாவது கெர்னல் ஃபைலோட ஆரம்பத்துல, இந்த முழு சைஸ், பிஎஸ்எஸ் சேத்து, எழுதியிருக்கும். யூ-பூட் அத மதிச்சு நடக்கும். எஃப்டிடி_ஹை அப்படி வச்சதால நாமளே அதோட கையக் கட்டிட்டோம். அந்த வேரியபிள அழிச்சேன், டிடிபி முகவரியத் தள்ளி வச்சேன், பூட் ஆச்சு. முடிஞ்சது.

தம்பி, உன் இமேஜ் ஹெட்டர்ல 16-வது பைட்ல இருந்து 8 பைட் படி. அதான் உண்மையான சைஸ். ஃபைல் சைஸ நம்பாத.

மார்ச் 6, காலை 7:50

மேல ஒருத்தர் கேட்டிருக்கார், டிரைவர் புரோப்ல (டிரைவர் தன் சாதனத்த எடுத்துக்கிறப்ப ஓடுற ஃபங்ஷன்) மெம்பிளாக்_ரிசர்வ் கூப்பிடலாமான்னு. கூடாதுங்க. அதுக்குள்ள கூட்டம் உள்ள வந்து உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சிருக்கும். நீங்க பட்டியல்ல ஒரு வரி எழுதலாம், எரர் கூட வராம போகலாம், ஆனா அந்தப் பட்டியல அப்புறம் யாரும் பாக்க மாட்டாங்க. அதுவும் சில கான்ஃபிக்ல பூட் முடிஞ்சதும் அந்தக் கோடே மெமரில இருந்து தூக்கப்பட்டிருக்கும், கூப்பிட்டா அங்கயே விழும். பில்ட்ல செக்ஷன் மிஸ்மேட்ச்னு வார்னிங் வந்திருக்குமே, அத அமுக்கிட்டீங்களா?

மார்ச் 9, மாலை 4:30

அஞ்சாந்தேதி குறிப்புல 'முடிஞ்சது'னு எழுதினேன்ல. பொய். முடியல. வெக்கத்துல விட்டுட்டேன், இன்னைக்கு தம்பி தன் போர்டு பூட் ஆயிடுச்சுனு சந்தோஷமா எழுதினதப் பாத்ததும் மனசு கேக்கல.

பூட் ஆச்சு, ஆனா பத்து பதினஞ்சு தடவைக்கு ஒரு தடவ விழுந்துச்சு. எஸ்எரர் இன்டரப்ட்னு பேனிக். ஒவ்வொரு தடவையும் கால் ட்ரேஸ் (விழுந்தப்ப எந்தக் கோட் ஓடுச்சுங்கற பட்டியல்) வேற. ஒரு தடவ இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்துல, ஒரு தடவ நெட்வொர்க் டிரைவர்ல, ஒரு தடவ சிபியு சும்மா ஐடில்ல நிக்கும்போது. நெட்வொர்க் டிரைவர் எழுதின சகாவ ரெண்டு வாரம் குடைஞ்சேன். உன் டிஎம்ஏதான் (சாதனமே நேரா மெமரில எழுதுறது) எங்கயோ போய் எழுதுதுனு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொன்னேன். அவன் ஒன்னும் பேசல. அப்புறம் ரொட்டி பிராட்டா வாங்கிக் குடுத்து மன்னிப்பு கேட்டேன், அது தனிக் கதை.

எஸ்எரர்ல ஒரு சங்கடம் இருக்கு. தப்பு நடந்த நேரம் வேற, அது சிபியு காதுக்கு வந்து சேர்ற நேரம் வேற. அதனால ட்ரேஸ்ல மாட்டுறவன் அந்த நேரத்துல தெருவுல நடந்து போனவன், அவ்வளவுதான். ஐடில் லூப்ல விழுந்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். ஐடில் என்ன தப்பு பண்ணும்?

மார்ச் 9, இரவு 10:10

இப்ப டிஷ்யூ பாக்கெட் உதாரணத்துல ஒரு ஓட்டை இருக்கு, அடைச்சுடறேன். டிஷ்யூ இருந்தா மனுஷன் உக்கார மாட்டான். மைனாவுக்கு டிஷ்யூ தெரியுமா? அது வந்து மேஜை மேல குதிச்சு மிச்சம் மீதியக் கொத்திட்டுத்தான் போகும்.

எங்க போர்டுல ரேமோட கடைசி 32 எம்பி செக்யூர் ஃபர்ம்வேரோடது, லினக்ஸ் தொடக்கூடாது. ரிசர்வ் பண்ணியாச்சு, அலோகேட்டர் அந்தப் பக்கம் போகாது. ஆனா ரிசர்வ் மட்டும் பண்ணினா அந்த இடம் லீனியர் மேப்ல (கெர்னல் ரேமைப் பாக்குற முகவரி மேப்) சாதாரண ரேம் மாதிரியே மேப் ஆகி இருக்கும். மேப் இருந்தா சிபியு ஸ்பெகுலேட்டிவா எட்டிப் பாக்கும், யாரும் கேக்காமலேயே. பக்கத்துல படிச்சுக்கிட்டு இருக்கும்போது அடுத்ததையும் கொஞ்சம் எடுத்து வைப்போமேனு கேஷுக்கு இழுக்கும். அந்தப் பக்கம் மெமரி கன்ட்ரோலர் வாசல்ல நிக்கிற ஃபயர்வால் நீ யாருனு கேட்டு திருப்பி அடிக்கும். அதான் எஸ்எரர். மைனா எப்ப வரும்னு யார் சொல்ல முடியும், அதான் பத்துக்கு ஒன்னு.

இதுக்குத்தான் நோ-மேப். மேஜையயே அங்கிருந்து தூக்கிடுறது.

மார்ச் 10, மதியம் 12:55

'நோ-மேப் போடாம விட்டுட்டு கதை விடறீங்களா'னு கேக்குறவருக்கு: போட்டிருந்தேங்க. அதான் எரிச்சலே. நோட்ல நோ-மேப்னு ஒரு வரி தெளிவா இருக்கு, அதே டிடிஎஸ் (டிடிபியோட சோர்ஸ் ஃபைல்) 5.4-ல ஒரு தடவ கூட விழுந்ததில்ல.

மார்ச் 12, இரவு 11:58

முழுசா எழுதிடறேன், நாளைக்கு லீவு.

டிடிபில இடம் பிடிக்க ரெண்டு வழி. ஒன்னு புதுசு, ரிசர்வ்டு-மெமரி நோட், அதுல நோ-மேப், ரீயூசபிள்னு விவரமா சொல்லலாம். இன்னொன்னு பழசு, ஃபைல் தலையிலயே மெம்ரிசர்வ்னு ஒரு சின்னப் பட்டியல், அதுல முகவரியும் சைஸும் மட்டும். எங்க டிடிஎஸ்ல ரெண்டுமே இருந்துச்சு, அதே 32 எம்பிக்கு. சிப் குடுத்தவங்களோட மாதிரி ஃபைல்ல இருந்து யாரோ மேல இருந்து கீழ வரைக்கும் காப்பி அடிச்சது. ரெண்டு டிஷ்யூ இருந்தா இன்னும் பத்திரம்தானனு நானும் பாத்துட்டு விட்டிருக்கேன்.

5.4-ல நோ-மேப்னா மெம்பிளாக்ல இருந்தே அந்த இடத்த எடுத்துடும். முன்னாடி யார் என்ன பண்ணியிருந்தாலும் கவலை இல்ல. 2021-ல இத மாத்துனாங்க: இனிமே எடுக்கறதில்ல, நோ-மேப்னு முத்திரை குத்தி பட்டியல்லயே வைக்கறது. கூடவே ஒரு நிபந்தனை, ஏற்கனவே ரிசர்வ் ஆன இடத்துல நோ-மேப் கேட்டா முடியாதுனு திருப்பி அனுப்பு. ஞாயமான நிபந்தனைதான், வேற யாரோ பயன்படுத்துற இடத்த மேப்ல இருந்து பிச்சா என்ன ஆகும். ஆனா அப்ப கெர்னல் படிக்கிற வரிசை என்ன? முதல்ல மெம்ரிசர்வ், அப்புறம் நோட். ஆக பழைய டிஷ்யூ முதல்ல வந்து உக்காந்துடுச்சு, நோட் வந்து மேஜையத் தூக்கணும்னு கேட்டப்ப ஏற்கனவே ஆள் இருக்குனு பதில். ரிசர்வ் ஆயிருக்கு, நோ-மேப் ஆகல.

அது பூட் லாக்ல வந்தும் இருக்கு! அந்த நோட்டுக்கு ரிசர்வ் பண்ண முடியலனு பேர், முகவரி, சைஸ் 32 எம்பிஐபி வரைக்கும் எழுதியிருக்கு. நான் பேனிக்ங்கற வார்த்தைய மட்டும் கிரெப் பண்ணித் தேடிக்கிட்டு இருந்தேன். ரெண்டு வாரம். முதல் இருபது வரிக்குள்ள இருந்த ஒரு வரி.

2023-ல இந்த வரிசையவே மாத்திட்டாங்க, மெம்ரிசர்வ கடைசில படிக்கிற மாதிரி. காதாஸ் விம்3 போர்டுல இதே மாதிரி பேனிக் ஆகப் போய்தான் அந்தத் திருத்தமே வந்துச்சு. அதோட விளக்கத்தப் படிச்சப்ப எனக்கு என் டைரியப் படிச்ச மாதிரி இருந்துச்சு. நான் மட்டும் முட்டாள் இல்லங்கறதுல ஒரு நிம்மதி.

நாங்க பண்ணினது ஒரே ஒரு வரி, டிடிஎஸ்ல இருந்து மெம்ரிசர்வ் வரிய அழிச்சோம். முன்னாடி டைமர் வச்சு ராத்திரி முழுக்க 200 தடவ பவர் ஆன்-ஆஃப் பண்ணினதுல 14 தடவ விழுந்திருந்துச்சு. அழிச்சதுக்கப்புறம் வெள்ளி சாயந்திரம் ஓட விட்டுட்டு திங்கள் காலைல வந்து பாத்தா 600-க்கு ஒன்னு கூட இல்ல. அந்த ஞாயித்துக்கிழமை தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்கும்போது கூட போன்ல கவுண்ட்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், வீட்டுல திட்டு.

மார்ச் 13, காலை 10:20

இன்னொரு திருத்தம், எனக்கு தனி மெசேஜ்ல வந்தது. மெம்பிளாக் பட்டியல் தேவைக்கு வளரும்னு எங்கயோ பழைய இழைல நான் எழுதியிருந்தேனாம். வளரும், ஆனா உடனே இல்ல. ஆரம்பத்துல ரிசர்வ் பட்டியலுக்கு இயல்பா 128 இடம், கெர்னலுக்குள்ளயே கட்டி வச்சது. அத ரெட்டிப்பாக்கவும் மெமரி வேணும், எது காலி எது காலி இல்லனு தெரியறதுக்கு முன்னாடி எங்க போய் எடுக்கும்? அதனால ஆர்க்கிடெக்சர் கோட் சரினு சொல்ற வரைக்கும் வளர விடாது. டிடிபில துண்டு துண்டா நூத்துக்கணக்குல நோட் வச்சிருக்கறவங்க ஜாக்கிரதை. ஒட்டி ஒட்டி இருந்தா தானா ஒன்னா சேந்துக்கும், நடுவுல இடைவெளி விட்டாதான் எண்ணிக்கை ஏறும்.

மார்ச் 13, காலை 10:26

ஆமா, ரிசர்விஸ்ட் கூப்பிட்டாங்கனு அடுத்த வாரம் லீவு போட்டிருக்கற நண்பர், உங்கள கெர்னல் கூப்பிடல, ஆர்மிதான் கூப்பிடுது, போயிட்டு வாங்க.

மார்ச் 15, இரவு 9:45

தம்பி, பூட் ஆயிடுச்சுனு விட்டுடாத. ரூட்டா உள்ள போய் ப்ராக் கீழ ஐயோமெம் ஃபைலப் படி, எந்த முகவரி எதுக்குனு அதுல இருக்கும். ரூட் இல்லாம பாத்தா எல்லா முகவரியும் சைபராத்தான் தெரியும். சிஸ்டம் ரேம்னு ஒரு வரி இருக்கும், அதுக்குக் கீழ ரெண்டு ஸ்பேஸ் உள்ள தள்ளி ரிசர்வ்டுனு சில வரி இருக்கும். உன் ஃபர்ம்வேர் இடம் அப்படி உள்ள தள்ளி இருந்தா அது மேப்ல இருக்கு. சிஸ்டம் ரேம் முன்னாடியே முடிஞ்சு, உன் இடம் ஓரத்த ஒட்டி தனி ரிசர்வ்டு வரியா நின்னா நோ-மேப் வேலை செஞ்சிருக்கு. எல்லாமே அந்த ரெண்டு ஸ்பேஸ்லதான். இங்க ஒட்டு.

மார்ச் 16, காலை 7:30

பாத்தேன். உள்ள தள்ளி இருக்கு. சைஸும் இன்னும் 64-லயே நிக்குது, அத முதல்ல 32 ஆக்கு. அப்புறம் டிடிஎஸ்ஸத் திறந்து மேல அஞ்சாறு வரிக்குள்ள மெம்ரிசர்வ் இருக்கானு பாரு. உன் சீனியர்கிட்ட இப்ப எதுவும் சொல்லாத, 200 தடவ ஓடட்டும்.